வெள்ளிக்கிழமை மட்டும் சுடும் பேரிங்

– முடியாதுன்னா முடியாது, ஆர்வோ. ஓடற மெஷின்ல சூட்டு அலாரத்தைப் பிடுங்கச் சொல்ற ஆள் இடுப்புத் துண்டோட நிக்கறான்னு தெரிஞ்சப்புறம், சத்தியமா முடியாது.

– துண்டோட நிக்கறேன்னு உனக்கு யாரு சொன்னா?

– பின்னாடி ஜெர்மன்காரங்க பாடறது கேக்குது. சௌனாங்கற நீராவிக் குளியல் அறையில பாதி வெந்தவங்கதான் அப்படிப் பாடுவாங்க. நீ வெளி அறைக்கு ஓடி வந்து போன் பண்றே. உன்னோட குடும்பம் நடத்தினவளுக்கு இது கூடத் தெரியாதா?

– விவாகரத்து ஆனப்புறமும் வேவு பாக்கற புத்தி போகல உனக்கு. ரைலி, தாயே, கொஞ்சம் யோசி. நீ இந்த மில்லோட கருவிப் பிரிவு இன்ஜினியர். நான் உற்பத்தி மேனேஜர். நாம ரெண்டு பேரும் ஒரே படகுல இருக்கோம்.

– கல்யாணத்தன்னிக்கும் ஒரே படகுன்னுதான் சொன்னே. அப்புறம் துடுப்பை மட்டும் தூக்கிட்டுப் போயிட்டே.

– பழசை விடு தாயே. இந்த ஜெர்மன் வாடிக்கையாளர் லூடர்ஸ் இன்னிக்குத் தலையை ஆட்டிட்டான்னா அடுத்த வருஷம் பூரா அவனுக்கு வேண்டிய அட்டைக் காகிதம் நம்மகிட்டதான். ஆட்டலேன்னா சுவீடன்காரன்கிட்ட. அப்புறம் ஹெல்சிங்கியில உக்காந்திருக்கற பெரியவங்க இந்த மெஷினை நிறுத்தி, கூடத்தைப் பூட்டி, சாவியை ஏரியில போட்டுட்டுப் போயிருவாங்க. உனக்கும் வேலை கிடையாது, எனக்கும் கிடையாது.

– அதுக்கு நான் என்ன பண்ணணும்? உள்ள வந்து அவருக்கு முதுகு தேய்க்கணுமா?

– சௌனா முடிச்சு பீர் குடிக்கற அறையில ஒரு பெரிய ஜன்னல் இருக்குல்ல? அதுல நின்னு மெஷின் ஓடறதை அவன் பாக்கணும். அவ்வளவுதான். ரெண்டு வெள்ளிக்கிழமை வந்துட்டுப் போயிட்டான். ரெண்டு தடவையும் அவன் குளிச்சுட்டு ஜன்னலுக்கு வர்றான், காத்தாடி பேரிங் சுடுதுன்னு உன் அலாரம் அலறுது, மெஷின் நின்னுருது. "ஆர்வோ, உங்க மெஷினுக்கு என்னைப் பாத்தா வெக்கமா?"ன்னு கேட்டான்.

– வெக்கம் நல்லதுதானே. மில்லுல ஒருத்தருக்காவது இருக்கட்டும்.

– இப்ப எவ்வளவு காட்டுது?

– எழுபத்தொன்பது டிகிரி. தொண்ணூறைத் தொட்டா மெஷின் தானா நின்னுரும்.

– ஐயோ, ஏறுதே! ரைலி, அந்த அலாரத்தை ஒரு மணி நேரம் தூக்கி ஓரமா வை. ஒரே ஒரு மணி நேரம்.

– மகராசா, அது என்ன காத்தாடின்னு ஞாபகம் இருக்கா? வீட்டுக் கூரையில சுத்தறது இல்ல. ஈரக் காகிதம் மேல கொதிக்கற காத்தைத் தள்ளற பூதம். தண்டைத் தாங்கற பேரிங் இறுகிட்டா தண்டு முறியும், கிரீஸ் பத்திக்கும். சுத்தி எங்க திரும்பினாலும் காகிதத் தூசி. இந்த நிமிஷம் அதுக்குப் பக்கத்துல மெஷின் ஓட்டற எஸ்கோ நிக்கறார்.

– எஸ்கோவைக் கேளு அப்போ. போன ரெண்டு தடவையும் என்னாச்சுன்னு அவர் வாயாலேயே கேளு.

– கேக்கறேன். இரு, வாக்கி டாக்கியையும் இந்தப் போனையும் பக்கத்துல பக்கத்துல வெக்கறேன். எஸ்கோ! கேக்குதா?

– ம்.

– பேரிங் எப்படி இருக்கு?

– தெரியாது. வேலிக்கு உள்ள இருக்கு. ஓடறப்ப உள்ள போகக் கூடாதுன்னு நீதான் பூட்டுப் போட்டே ரைலிம்மா.

– போன ரெண்டு தடவை நின்னப்ப உள்ள போனீங்களே?

– போனேன். கையை வெச்சேன். இதமா இருந்துச்சு. நவம்பர் மாசத்துக்கு நல்லா இருந்துச்சு.

– சுடலையா?

– சுட்டிருந்தா கையை எடுத்திருப்பேன். எடுக்கல. அப்புறம் மெஷின் பூரா அறுந்து கிடந்த ஈரக் காகிதத்தை வாரினேன். ஒவ்வொரு தடவை நிக்கறப்பவும் நான்தான் வாரறேன். எனக்கென்ன.

– கேட்டியா ரைலி? பேரிங் தங்கம். உன் பெட்டிதான் பொய் சொல்லுது. அந்த, என்ன அது, சிக்னல் கண்டிஷனரோ என்னமோ.

– வாயைக் கழுவிட்டுப் பேசு. சென்சார் தர்றது மில்லிவோல்ட்டுல ஒரு முனகல். பக்கத்துல அத்தனை மோட்டாரும் போடற கூச்சல்ல அது யார் காதுலேயும் விழாது. என் பெட்டி அந்த முனகலை வாங்கி, இரைச்சலை வடிகட்டி, குரலைத் தேத்தி, நாலுல இருந்து இருபது மில்லியாம்புக்குள்ள இந்தத் திரைக்கு அனுப்புது. கம்பி அறுந்தா நாலுக்குக் கீழ விழும். விழல. இரைச்சல் புகுந்தா எண் நடுங்கும். நடுங்கல. நம்ம கல்யாண வாழ்க்கையில இவ்வளவு சுத்தமா ஒரு பேச்சு நடந்ததே இல்ல.

– பேரிங்கும் உண்மை, பெட்டியும் உண்மை. அப்ப நான்தான் பொய்யா?

– அது பழைய முடிவு. அதை விடு. எனக்கு வேற ஒண்ணு உறுத்துது. விருந்தாளி வராத நாள்ல இந்த எண் இருபத்திரண்டுல தூங்குது. நாள் முழுக்கச் சுத்தற பேரிங் எப்படி இருபத்திரண்டுல இருக்கும்? கோடைப் பராமரிப்பு முடிஞ்சதுல இருந்தே இப்படித்தான். உனக்கு எழுதினேன்.

– நான் பதில் போட்டேனே.

– போட்டே. "அருமையான கிரீஸ்"னு எழுதி, கூடவே ஒரு கட்டைவிரல் படம்.

– பாராட்டினா ஒரு குத்தமா?

– இரு... பேசாதே. எண்பது. எண்பத்தி மூணு. இப்ப எண்பத்தொண்ணு. ஆர்வோ, இது தாவுது. இரும்பு இப்படித் தாவாது. கனமான பேரிங் மெதுவா சுடும், மெதுவா ஆறும். உன் கோபம் மாதிரி இல்ல, என் கோபம் மாதிரி. இது தாவிட்டு உடனே அடங்குது. இப்ப அங்க என்ன கத்தினாங்க?

– எங்க?

– உன் பின்னாடி. "ஹோ"ன்னு.

– அதுவா, லூடர்ஸ் சூடான கல்லு மேல தண்ணி ஊத்தினான். ஒவ்வொரு அகப்பைக்கும் அவன் ஆளுங்க "ஹோ"ன்னு கத்தணுமாம். பின்லாந்துல அப்படித்தான் வழக்கம்னு யாரோ சொல்லி விட்டிருக்காங்க. நான் மறுக்கல, வாடிக்கையாளர் ஆச்சே.

– ஆர்வோ.

– இந்தக் குரல் எனக்குத் தெரியும். நான் என்ன பண்ணினேன்?

– கோடையில விருந்தாளி சௌனாவுக்கு ஒரு டிஜிட்டல் பலகை மாட்டினியே. வெளியில நின்னுட்டே உள்ள எவ்வளவு சூடுன்னு பாக்கறதுக்கு. அதுக்கு சிக்னல் எங்கிருந்து எடுத்தே?

– நிலவறை அலமாரியில இருந்து. உன் பெட்டியில ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணுல பேரிங், இன்னொண்ணு சும்மா கிடந்துச்சு. சௌனா சென்சாரைச் சும்மா கிடந்ததுல சேத்தேன்.

– கம்பி மாட்டினது யாரு?

– எல்லாரும் லீவுல ஏரிக்கரைக் கோடைக் குடிசைக்குப் போயிட்டாங்க. பராமரிப்பு முடிஞ்சா முதல்ல சௌனாவைச் சூடாக்கணும், அப்புறம்தான் மெஷினைக் கிளப்பணும். இந்த மில்லுல அது எழுதாத சட்டம். அதனால நானே இறங்கி மாட்டினேன். நான் எலக்ட்ரீஷியனா இருந்து மேல வந்தவன்ங்கறதை நீ மறந்துட்டே.

– மறக்கத்தான் பாக்கறேன். சமையலறை லைட்டைப் போட்டா வாசல் மணி அடிச்ச வீட்டுல வாழ்ந்தவ நான்.

– அது ஒரே ஒரு தடவை!

– ஆர்வோ, நான் சொன்னதும் லூடர்ஸை ஒரு அகப்பை ஊத்தச் சொல்லு. நிறைய.

– எதுக்கு?

– உன் வேலையைக் காப்பாத்தறேன். கேள்வி கேக்காதே. கதவைத் திறந்து சொல்லு. ம், இப்ப!

– லூடர்ஸ்! ஒண்ணு ஊத்துங்க! பெருசா!... கேட்டுச்சா ரைலி? கத்தறாங்க.

– எண்பத்தி ரெண்டு. எண்பத்தி நாலு. எண்பத்தி ஏழு! கடவுளே.

– இன்னொண்ணு ஊத்தச் சொல்லவா?

– வேணாம்டா பாவி! தொண்ணூறு ஆயிட்டா மெஷின் நின்னுரும்! கதவை நல்லாத் திறந்து வை.

– திறந்துட்டேன். உள்ள திட்டறாங்க.

– எண்பத்தி நாலு. எண்பது. எழுபத்தி ஆறு. ஹா! ஆர்வோ, இத்தனை நாளா நான் பேரிங்னு நினைச்சு உத்து உத்துப் பாத்தது ஜெர்மன்காரங்க முதுகை!

– அப்ப பேரிங் சுடல?

– சௌனா கம்பியைக் கொண்டுபோய் என் பேரிங் வழியில மாட்டியிருக்கே. சுட்டது உன் விருந்தாளிங்க. ஆள் வராத நாள்ல இருபத்திரண்டுல தூங்கினது உன் காலி சௌனா. அதைத்தான் நீ அருமையான கிரீஸ்னு மெச்சினே.

– ரைலி, நான் இப்ப உன்னைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருக்கு.

– துண்டைப் பிடி, அது போதும். எஸ்கோ! கேட்டீங்களா? உங்களை ரெண்டு வெள்ளிக்கிழமை ஈரக் காகிதம் வார வெச்சது லூடர்ஸோட அகப்பை.

– ம். நல்லா குளிக்கட்டும். எனக்கென்ன.

– தாயே, அப்ப அந்த அலாரம்...

– தெரியும், கேப்பேன்னு தெரியும். நியாயமா இப்ப நான் முடியாதுன்னு சொல்லணும். ஆனா ஒரு சௌனாவுக்காக ஒரு மெஷினை நிறுத்தினேன்னு என் பேரு கெடறதுல எனக்கு இஷ்டமில்ல. பேரிங்கை எஸ்கோ ரெண்டு தடவை தொட்டுப் பாத்தாச்சு. திங்கக்கிழமை நிலவறைக்குப் போய் உன் கைவண்ணத்தைப் பிரிச்சு நானே திரும்ப மாட்டறேன். அதுவரைக்கும் அலாரத்தை விலக்கி வெக்கறேன். இதோ... வெச்சாச்சு. போதுமா? இனி நீ அந்த சௌனாவுல எரிமலையே வெச்சாலும் மெஷின் நிக்காது.

– உன்னை விட்டது என் தப்பு ரைலி.

– விட்டது நான். கணக்கை மாத்தாதே. எஸ்கோ, அவங்க ஜன்னலுக்கு வர்றாங்களாம். வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுங்க.

– கூட்டறேன்.

– ஜன்னலைப் பாத்து ஒரு சிரிப்பும் சிரிங்க.

– அது சம்பளத்துல இல்ல.

– ரைலி! வந்துட்டான்! மூக்கு கண்ணாடியில ஒட்டற மாதிரி நின்னு பாக்கறான். "இன்னிக்கு வெக்கப்படலையே!"ங்கறான்.

– வெக்கத்தை நான் விலக்கி வெச்சுட்டேன்னு சொல்லு. என் திரையில அறுபத்தி நாலு, இறங்கிட்டே இருக்கு. உன் சௌனா ஆறுது. இவ்வளவு நிம்மதியான வெள்ளிக்கிழமையை நான் பாத்து ரொம்ப நாளாச்சு.

– ரைலிம்மா.

– சொல்லுங்க எஸ்கோ. சிரிச்சுட்டீங்களா?

– இல்ல. இங்க கருகல் வாசம் வருது.

– ஆர்வோ சௌனா அடுப்புல சாஸேஜ் சுடறார். புகைக்குழாய் உங்க பக்கம்தானே திறக்குது. அவர் எதைச் சுட்டாலும் அப்படித்தான் நாறும். எனக்கு அனுபவம் இருக்கு.

– ம். பெரிய சாஸேஜ் போல.

– ரைலி, ரைலி, கேளு! கை குலுக்கிட்டான்! ஒரு வருஷத்துக்கு முழுசா நம்மகிட்டதான் வாங்கறானாம்! மெஷின் பிழைச்சுது! நாம பிழைச்சோம்!

– சந்தோஷம். அந்த மகிழ்ச்சியில சாஸேஜைத் தீய விடாதே. எஸ்கோவுக்கு மூச்சு முட்டுதாம்.

– சாஸேஜா? இன்னும் பொட்டலத்தையே பிரிக்கல. அடுப்பும் அணைஞ்சுருச்சு, கதவு விரியத் திறந்து கிடக்கு, எல்லாரும் வெளிய வந்தாச்சு. ஆனா ஒரு சின்ன சந்தேகம், திட்டாதே. லூடர்ஸ் சுவத்துல இருக்கற என் பலகையைக் காட்டிச் சிரிக்கறான். நூத்தி முப்பத்தொண்ணாம். நூத்தி முப்பத்தி நாலு. இன்னும் ஏறுது. ரைலி... எங்க சூடு உன் திரையில வருதுன்னா, இங்க ஏறிட்டிருக்கறது யாரோட சூடு?