மச்சானின் பெட்டிக்குப் போட்ட மதிப்பெண்

ஈராயிரம் வருஷத்துச் செப்புக்காசு ஒன்றை எடைக்குப் போட்டால் அரை டம்ளர் தேநீருக்குக்கூடக் காணாது. இதைச் சொல்லித்தான் என் மச்சானைக் கல்யாணமான நாளிலிருந்து சீண்டிக்கொண்டிருந்தேன். அவரும் சளைக்கமாட்டார். "உங்க பாட்டனாரையும் எடைக்குப் போட்டுப் பாருங்க மாப்ளே, எவ்வளவு தேறுதுன்னு" என்பார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன், பல் வைத்தியர். நான் வெள்ளிப் பாத்திரக் கடைக்காரன். இரண்டு பேரும் உங்கள் நாணயச் சேகரிப்போர் சங்கத்தில் பழைய உறுப்பினர்கள். நீங்கள் புதிதாகச் செயலாளராக வந்திருக்கிறீர்கள்; என் மனைவி உங்களைத் தேடி வந்து ஏதோ சொன்னாள் என்கிறீர்கள். உட்காருங்கள். ஒளித்துப் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சங்கத்தில் வருஷா வருஷம் எல்லாத் தொகுப்புகளையும் ஒரே வரிசையில் நிறுத்துவோம். பளபளப்புக்குப் பாதி மதிப்பெண், ஒன்றும் விடுபடாமல் இருப்பதற்குப் பாதி. அதனால் ஜெயிப்பதெல்லாம் புதுத் தொகுப்புகள்தான். நாணயச்சாலையே சேகரிப்பவர்களுக்கென்று அடித்து, பிளாஸ்டிக் பெட்டியில் மூடி அனுப்பும் சரக்கு. நம் ஆள் செய்யும் வீரச்செயல், தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்குவது. மச்சானோ ஆற்று மணலைச் சலித்தும், பழைய உலோகக் கடைகளில் குப்பையைக் கிளறியும் ஒரே அரச வம்சத்துக் காசுகளைச் சேர்த்தவர். பாதி தேய்ந்தவை, சில ஓரம் போனவை, நடுவில் இரண்டு ராஜாக்கள் ஆளையே காணோம். தவறாமல் கடைசி இடம்.

போன வருஷக் கூட்டத்தில் எழுந்து கேட்டே விட்டார். "பொட்டியப் பிரிக்காதவனுக்கு மொத இடம், மண்ணைச் சலிச்சவனுக்குக் கடைசி இடம். இது என்னங்க கணக்கு?"

தலைவர் என்னைக் காட்டினார். "அவர்தான் வியாபாரி, தராசு பிடிச்சுப் பழகினவர். நியாயமா ஒரு முறை எழுதித் தரட்டும்."

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். பழைய காசைப் புதுக்காசோடு ஒப்பிடாமல், அதன் காலத்துக் காசுகளோடு ஒப்பிட்டு நிலையைப் பார்ப்பது. தேடிக் கிடைப்பதன் அருமைக்குத் தனி மதிப்பெண். வரலாற்றிலேயே கிடைக்காத காசு விடுபட்டால் குறைக்காமல் விடுவது. கூடவே ஒரு விதி: யாராவது துலக்கிய பழைய காசு ஒன்று இருந்தாலும் அந்தத் தொகுப்புக்குப் பூஜ்யம். ஏனென்றால் அந்தப் பச்சைக் களிம்புதான் காசின் வயதுக்குச் சாட்சி. அது போனால் நேற்று வெட்டிய தகடு.

எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து ஒத்திகையாகக் கூட்டிப் பார்த்தேன். மச்சான் முதல் இடம். இரண்டாம் இடத்தில் ஒரு புதுத் தொகுப்பு. அது என் மனைவி பெயரில் நான் போட்டிருந்தது. அவளுக்குத் தெரியாது, நல்ல காரியத்தை விளம்பரப்படுத்துவானேன். நியாயம் கொஞ்சம் கசக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வருஷம் முதலிடத்துக்கு அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக ஒரு கண்ணாடி அலமாரி, கீழே பெயர்ப் பலகையோடு. மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"கை நடுங்குது மாப்ளே. கிளினிக்கையும் மூடிட்டேன். தட்டுல நீங்களே அடுக்கிக் குடுத்துருங்க. நான் ஒண்ணு பண்ணேன்னு சொல்லிக்க இதுதான் இருக்கு."

"விட்டுட்டுப் போங்க மச்சான், ஜோரா அடுக்கிடறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. வெள்ளி வெளுக்கும் அமிலம் தொட்டியில் இருந்தது, மெருகுச் சக்கரமும் சும்மாதான் கிடந்தது. போட்டி என்றால் இரண்டு தரப்பும் ஒரே மாதிரி மின்ன வேண்டாமா? ஒவ்வொன்றாக முக்கி எடுத்துத் தேய்த்தேன். அவசரப்படவில்லை. ராஜாக்கள் நன்றாகக் குளித்து, மூக்கு முழியெல்லாம் மழுங்கி, ஒரே குடும்பச் சாயலில் வெளியே வந்தார்கள்.

கண்காட்சி அன்று மச்சான் தட்டிலிருந்து ஒரு காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"யாரோட காசு இது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்ளே, நம்ம பெட்டி எங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. தலைவர் வந்தார், குனிந்து பார்த்தார், துலக்கியது யார் என்று கேட்டார். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. பல் வைத்தியர் வீட்டில் மெருகேற்றும் பிரஷ் இல்லாமல் இருக்காது என்று பொதுவாகச் சொன்னேன். "கீறல் வேற விழுந்திருக்கு. பாவம், கை நடுங்குற மனுஷன்" என்று மிச்சத்தைத் தலைவரே முடித்துக்கொண்டார். ஜெயிக்க ஆசைப்பட்டுச் சங்கத்தை ஏமாற்றப் பார்த்தார் என்று அங்கேயே மச்சானை நீக்கினார்கள்.

பெட்டியை என்னிடம் கொடுத்ததாக அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். தங்கை என் வீட்டில் அல்லவா வாழ்கிறாள். நான் எதையும் யோசிக்காமல் செய்கிறவன் இல்லை.

அவளும் பெட்டி எங்கள் வீட்டில் இருந்ததைப் பார்த்தவள்தான். அண்ணன் உயிரோடு இருக்கும்வரை அவளை வாய் திறக்க விடவில்லை போலிருக்கிறது. போன மாதம் அவரும் போய்ச் சேர்ந்தார். அதனால் உங்களிடம் வந்திருக்கிறாள்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாகக் கூட்டிச் சொல்லிவிடுகிறேன். மச்சானுக்குப் பூஜ்யம், அது விதிப்படி. என் மனைவி பெயருக்கு முதல் இடம், கண்ணாடி அலமாரி, அதுவும் விதிப்படி. மச்சான் சாவுக்கு டாக்டர் எழுதிய காரணம் இதயம். அது என் பற்றில் வராது. என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தியது மட்டும்தான் வரவிலும் உட்காரவில்லை, செலவிலும் உட்காரவில்லை. அதை இதரச் செலவில் போட்டுவிட்டேன். கணக்கு நேராகிவிட்டது.