கமிட்டி அனுப்பிய தம்பி

– பிரேக்கை மிதிடா. பின்னாடி லைட் எரியுதான்னு பாக்கணும்.

– அக்கா, நான் சபைக் கமிட்டி சார்பா பேச வந்திருக்கேன். உன் பஸ்ஸை ஓட்டிப் பாக்க வரல.

– பாஸ்டர் கால் பட்டா பிரேக் ஒண்ணும் கெட்டுடாது, மிதி. ம், எரியுது. இப்ப சொல்லு, கமிட்டி என்னங்குது?

– நகராட்சித் தேர்தல்ல நீ நிக்கக் கூடாதுங்கறாங்க. ஞாயிறு பள்ளி டீச்சர் நீ. அரசியல் ஒரு சாக்கடை, விசுவாசி அதுல இறங்கக் கூடாதுன்னு ஒரே பிடியா இருக்காங்க.

– சாக்கடைன்னு எல்லாரும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, அடைப்பை யாருடா எடுக்கறது?

– இந்த வாய்க்குத்தான் அவங்க பயப்படறாங்க.

– இருபது வருஷமா இதே வாய்தான் அவங்க பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்குது. இடது பக்க இண்டிகேட்டரைப் போடு.

– போட்டாச்சு. நமக்கு ஜெபம் இருக்கேக்கா. முழங்கால்ல நின்னு கேட்டாப் போதாதா?

– தினம் விடியக்காலம் நிக்கறேனே. அப்புறம் எழுந்து வந்து இந்த ஸ்கூல் பஸ்ஸை எடுக்கறேன். பிள்ளைங்களை நெடுஞ்சாலை வளைவுல இறக்கி விடறேன். அங்க நடைபாதை கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. தையற்காரர் பொண்ணை லாரி அடிச்சப்ப அவளைத் தூக்கிட்டு ஓடினவ நான். ஆஸ்பத்திரிக்கு ஜெபம் பண்ண வந்தவன் நீ.

– அதை மறப்பேனா.

– அதே வளைவுல அடிபட்டவங்களுக்காக அந்த வருஷம் மூணு தடவை வந்தே. ஆண்டவர் கிருபை, மூணு பேரும் பிழைச்சாங்க. நாலாவது ஆளுக்குக் காத்திருக்கவா? நடைபாதை போட நகராட்சியில தீர்மானம் வேணுமாம், தீர்மானத்துக்கு உறுப்பினர் கை தூக்கணுமாம். ஸ்டியரிங் பிடிக்காத நேரத்துல என் கை சும்மாத்தானே இருக்கு. அந்தப் பொண்ணு என் மடியில கிடந்தப்ப, ‘நீ என்ன பண்ணப் போறே’ன்னு ஆண்டவர் என்னைக் கேட்டார்டா. இதுதான் என் பதில்.

– இப்ப இருக்கற நகராட்சி உறுப்பினரும் நம்ம சபைதானே. பாதிப் பேர் அவர் பக்கம். நீ எதிர்த்து நின்னா ஞாயித்துக்கிழமை ஒரே பெஞ்சுல உட்காருவாங்களா? இது கமிட்டியோட பயம் இல்லக்கா. என்னோடது.

– இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே.

– சொல்ல வெக்கமா இருந்தது.

– சரி, கேளு. பிரசங்கத்துல என் பேரை எடுக்காதே. எனக்காக ஒரு ஓட்டு கூடக் கேக்காதே. நானும் சபைக்குள்ள நோட்டீஸ் கொண்டு வர மாட்டேன். ஜெயிச்சா, நம்ம சபைக்கு வர்றவங்க தெரு, வராதவங்க தெரு எல்லாம் எனக்கு ஒண்ணுதான். தோத்தா, மறுநாளே அவர் வீட்டுக்குப் போய் அந்த விளக்கையாவது போட்டுக் குடுங்கன்னு நிப்பேன்.

– அவரைத் திட்டிப் பேச மாட்டியே?

– எதுக்கு? அவர் பேரனும் என் பஸ்லதான் வர்றான். அவனையும் அதே வளைவுலதான் இறக்கி விடறேன்.

– சரிதான்க்கா. ஆனா...

– என்ன, இன்னும் ஏதோ மென்னு முழுங்கறே?

– இன்னொண்ணும் சொல்லச் சொன்னாங்க. நம்ம சபையில யாரும் உன் வேட்புமனுவுல முன்மொழிஞ்சு கையெழுத்துப் போடக் கூடாதாம்.

– லேட்டா வந்துட்டே. ஒருத்தங்க போட்டாச்சு.

– யாரு?

– கேட்டா வருத்தப்படுவே.

– சொல்லுக்கா.

– உன் பொண்டாட்டி. படிச்சுப் பாக்கறேன்னு நேத்து மனுவை உங்க வீட்டுக்கு வாங்கிட்டுப் போனா. திருப்பிக் குடுக்கறப்ப கையெழுத்து இருந்தது. அவளை ஒரு வார்த்தை சொல்லிடாதேடா.

– நான் என்னத்தைச் சொல்ல? அவ கையெழுத்துப் போடப் பேனா தேடினப்ப, என் சட்டைப் பையிலேர்ந்து எடுத்துக் குடுத்ததே நான்தான்.