நல்ல குட்டியாகப் பார்த்து

பூனைக்குட்டி வாங்கப் போகிறவர்கள் முகத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள், ஐயா. முதலில் வாலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கே சுத்தமாக இருந்தால் வயிறு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கண்ணில் பீளை, காதில் அழுக்கு, மூக்கில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் எடுத்த குட்டிக்கு ஒரு குறையும் இல்லை. தடவினால் முடி கையோடு வந்தது, அவ்வளவுதான்.

"இது ரொம்ப முடி கொட்டும்மா, பக்கத்துல இருக்கறதப் பாருங்க," என்றார் கடைக்காரர். இதுவே போதும் என்றேன்.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே பூனை ஆசை. அம்மா போனபிறகு அவனை வளர்த்தவள் நான். பட்டறையில் மெத்தையும் தலையணையும் தைத்துத் தைத்து என் இடுப்பு போனது, அவன் ஆளானான். வேலை விட்டு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே "அக்கா" என்பான். அவனுக்குக் கல்யாணம் ஆனபிறகு அந்தக் குரல் என்னைத் தாண்டி நேராக உள்ளறைக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. அவன் பெண்டாட்டியும் என்னை "அக்கா" என்றே கூப்பிட்டாள். அந்த ஒரு வார்த்தையையாவது எங்களுக்கென்று விட்டுவைத்திருக்கலாம்.

அவள் கெட்டவள் இல்லை. அவன் குட்டி வாங்கும் பேச்சை எடுத்த அன்று என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். "அக்கா, பூனை முடி பட்டா எனக்கு மூச்சு முட்டும். சின்ன வயசுல ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கு. அவர்கிட்ட சொல்லிடாதீங்க, பாவம், ஆசைப்படறாரு. உங்க ரூம்லயே வச்சுக்கோங்க, போதும்."

நானே நல்ல குட்டியாகப் பார்த்து வாங்கிவருகிறேன் என்றேன்.

என் அறையில்தான் வைத்துக்கொண்டேன், சொன்ன சொல் தவறவில்லை. தினமும் சீப்பால் வாரிவிட்டு, உதிர்ந்த முடியைச் சேர்த்துவைத்தேன். பிறகு அவளுக்கென்று ஒரு தலையணை தைத்தேன். மெல்லிய துணி, உள்ளே பஞ்சு, பஞ்சுக்கு மேலே அந்த முடி. "எவ்ளோ மெத்துனு இருக்குக்கா," என்று கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

இளைப்பு வர ஆரம்பித்தது. மூச்சுக்கு அடிக்கிற மருந்தை எப்போதும் மேசைமேல் வைத்திருப்பாள். ஆரோக்கியமான குட்டி ஓரிடத்தில் இருக்காது, கதவு திறந்தால் ஓடிப்போய்க் கண்டதையும் உருட்டும். அதனால் மருந்தை எடுத்து அலமாரி உச்சியில் வைத்தேன். ஒரு மத்தியானம், தம்பி வேலைக்குப் போயிருந்தபோது, "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டாள். குரல் இல்லை, காற்றுதான் வந்தது. நான் குட்டிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். அது குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

இனியாவது "அக்கா" என்று வருவான் என்று நினைத்தேன். அவன் அவளுடைய தலையணையைக் கட்டிக்கொண்டு, குட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குட்டி தன் வாசனையைக் கண்டுகொண்டது. நகத்தால் தையலைப் பிரித்தது. முடியெல்லாம் அவன் மடியில் கொட்டியது. என் தையல் அவனுக்குத் தெரியும், அதில்தானே சாப்பிட்டு வளர்ந்தான்.

ஆமாம், நான்தான் அவளைக் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வெளியே பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருக்கிறான். உள்ளே வரும்போது பார்த்தேன், என் பக்கம் திரும்பவில்லை, குட்டியிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அதை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள், ஐயா. அவனுக்கு எதற்கு அது, நான் இருக்கும்போது.