எட்டும் சரி

“ஒரு பக்கமாய்ச் சாயாதீங்க! வள்ளம் கவிழும்!”

ஓட்டி கத்துகிறான். மழை. தறப்பாளில் அது விழும் சத்தம். அதற்கடியில் மெசினின் இருமல். தொண்ணூறாம் ஆண்டு, ஒக்டோபர் கடைசி. முஸ்லிம்கள் மன்னாரை விட்டுப் போய்விட வேண்டும் என்று துப்பாக்கிக்காரர்கள் நேரம் குறித்துக் கொடுத்தார்கள். போகிறோம். எனக்கு வயது பதினேழு. வாந்தியெடுத்து வயிற்றில் ஒன்றுமில்லை. வீரத்தைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

விடிகிறது. கற்பிட்டிக் கரை தெரிகிறது.

வீட்டாரை எண்ணும் வேலையை வாப்பா எனக்குத் தந்திருந்தார். கணிதத்தில் கெட்டிக்காரன் என்று பெயர். வாப்பா, உம்மா, நான், தம்பிமார் மூவர், தங்கை, உம்மாவின் நெஞ்சோடு ஒன்பது மாதக் கைப்பிள்ளை ரிஸ்னா.

“எட்டும் சரி வாப்பா!”

கத்திவிட்டு இடுப்பளவு தண்ணீரில் குதித்தேன். ஈர மணலில் நெற்றியை வைத்தேன். நன்றிக்கான சுஜூது. ஒருவரும் குறையாமல் கொண்டுவந்து சேர்த்தாயே என்று பெயர் பெயராகச் சொல்லி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். ரிஸ்னாவின் பெயரையும். சத்தமாய்.

தலையைத் தூக்கினேன். உம்மா பக்கத்தில் நிற்கிறா. அதன் பிறகுதான் சேலையை விலக்கினா.

பிள்ளை மழையில் விறைத்து நடுக்கடலிலேயே மௌத்தாகியிருந்தது. தெரிந்தால் கடலில் விடச் சொல்வார்கள் என்ற பயம். பால் கொடுப்பதுபோல் அணைத்தபடியே வந்திருக்கிறா.

கரையை அடுத்த எத்தாளையில் ஒரு வெங்காயத் தோட்டக்காரர். முன்பின் தெரியாதவர். பிள்ளையை அடக்க ஊர் மையவாடியில் இடம் கிடைக்குமா என்று வாப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இடம் கிடக்கு நானா. இங்க நாங்க ஒருத்தரும் அவசரப்படல்ல.”

கபர்க் குழியைத் தானே வெட்டினார். பிள்ளையைச் சுற்றும் கஃபனுக்குத் தன் வீட்டு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்தார்.

இப்போது எனக்கு ஐம்பத்தொன்று. புத்தளத்தில் வீடு. சீனி வருத்தம். முழங்கால் மடங்காது, பள்ளியில் கதிரையில் இருந்துதான் தொழுகை. அல்லாஹ்வை நம்புகிறேன். என் எண்ணிக்கையைத்தான் நம்புவதில்லை. மகள் பிறந்தபோது மூச்சை மூன்று தரம் பார்த்த பிறகே நன்றி சொன்னேன். அதுவும் மெதுவாய். கரையில் வைத்த அந்த நெற்றியை நினைத்தால் இன்றைக்கும் கூசும்.

முப்பத்துநாலு வருடம் கேட்காததைப் போன மாதம் உம்மாவிடம் கேட்டேன்.

“ஏன் உம்மா அண்டைக்கு என்ன நிப்பாட்டல்ல?”

“நீ அல்லாஹ்வோட கதைச்சிட்டு இருந்தாய். இடையில பூந்து நான் என்னத்தைச் சொல்ற?” மூக்குக்கண்ணாடியைத் துடைத்தா. “அவள்ட பேரையும் சொன்னாய் மகன். அவளுக்கெண்டு ஆரும் நன்றி சொன்னது அந்த ஒருதரம்தான்.”

போன வெள்ளி எத்தாளைக்குப் போனேன். தோட்டக்காரரும் இப்போது அந்த மையவாடியில்தான். சொன்னபடி அவசரப்படவில்லை, எண்பதைத் தாண்டித்தான் போனார். இருவருக்கும் துஆ கேட்டேன். பிறகு கடற்கரைக்கு இறங்கி, முழங்காலை ஏசிக்கொண்டே, நெற்றியை மணலில் வைத்தேன். எழுப்பிவிட இரண்டு மீனவர்கள் தேவைப்பட்டார்கள்.

இழந்தவை. ஓட்டு வீடு ஒன்று. ஆடு ஆறு. வாப்பாவின் தையல் மெசின். என் புத்தகப் பெட்டி.

வாப்பாவிடம் அன்று கத்திச் சொன்னதை இங்கே திருத்துகிறேன். வள்ளத்தில் ஏறியவர்கள் எட்டு. உயிரோடு இறங்கியவர்கள் ஏழு.

ரிஸ்னா. ஒன்பது மாதம்.