மணி போன்ற ஓர் இடையூறு

நிசப்தத்தின் விலை ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய். பன்னிரண்டாயிரத்தில் ஆரம்பித்ததை நான்தான் அங்கே இறக்கினேன்.

வக்கீல் விஸ்வேஸ்வரன் சார், நடந்ததைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், மராத்தியில் நான் மாற்றிக்கொள்கிறேன் என்றீர்கள். எழுதுகிறேன். உங்கள் ஃபீஸைப் பற்றிப் பிறகு பேசலாம். அதிலும் கொஞ்சம் இறக்க இடம் இருக்கிறது.

நான் விருதுநகரில் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற வீடு. பிறகு சிஞ்ச்வட்டில் முப்பது வருடம் பேரிங் கடை. கடையை மகனிடம் கொடுத்த பிறகு எனக்கென்று மிஞ்சியது சிற்றலை ரேடியோ ஒன்றுதான். தூரத்து நிலையங்களைக் கேட்டு, என்ன கேட்டேன், எப்படிக் கேட்டது என்று எழுதி அனுப்புவேன். சரியாக இருந்தால் அவர்கள் ஓர் அட்டை அனுப்புவார்கள். என்னிடம் நூற்று எண்பத்தாறு அட்டைகள் இருந்தன. கடலுக்கு நடுவே ஒரு சின்னத் தீவு, அதன் நிலையம் மட்டும் சிக்கவில்லை. வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு வரும், அரை மணி நேரம் பேசும், போய்விடும். தொடர்ந்து இருபது நிமிடக் குறிப்பு இல்லாமல் அட்டை தரமாட்டார்கள்.

எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் ரேடியோ கேட்பது சாக்கடையில் காது வைப்பது மாதிரி. எல்.ஈ.டி பல்பு, மொபைல் சார்ஜர், லிஃப்ட் மோட்டார், எல்லாம் சேர்ந்து கொழகொழவென்று ஓர் இரைச்சல். மொட்டைமாடியில் கம்பி கட்ட அனுமதி இல்லை. அதனால்தான் கேம்ப் பகுதியில் வீட்டிலேயே ஆன்டெனா செய்து விற்கும் மெர்வினிடம் போனேன்.

"குச்சி ஆன்டெனா வேணாம் அங்கிள்" என்றான். "ஃப்ளாட்ல இருக்கிற கச்ரா சத்தம் எல்லாத்தையும் இழுத்து, பெருசாக்கி வேற குடுக்கும். வளையம் எடுங்க. சுத்தமா இருக்கும். சத்தம் எந்தப் பக்கம் வருதோ அதுக்கு ஏத்த மாதிரி திருப்பி வெச்சா அமுங்கிடும்."

"உள்ளே ஆம்ப்ளிஃபையர் இருக்கே, அதுக்குக் கரண்ட்?"

"ட்ரான்ஸ்ஃபார்மர் வெச்ச டப்பா தனியா ஆயிரத்தி எண்ணூறு. இல்லைன்னா நேரா பேட்டரி. அதுல மட்டும் பேரம் வேணாம் அங்கிள், ஹாத் ஜோட்தா ஹூம்" என்று கையைக் கூப்பினான்.

அதில்தான் பேசினேன். ஒன்றரை மணி நேரம். கடைசியில் அவன் மேஜை டிராயரிலிருந்து தீப்பெட்டி கனம்கூட இல்லாத ஓர் அடாப்டரை எடுத்து என் பையில் போட்டான். "இது ஃப்ரீ. போங்க அங்கிள். சத்தம் போட்டா என்னைக் கேக்காதீங்க."

ஓசியில் வந்த பொருளை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய் வளையத்தைப் பால்கனியில் மாட்டினேன். ரேடியோவின் மீட்டர் முள் இரைச்சலில் ஒன்பதில் நின்றது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்பதுதான். எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது என்றால் சத்தம் மிக அருகில் இருக்கிறது என்று அர்த்தம். அதை நான் சரியாகவே புரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை எங்கள் பக்கம் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள். அன்று வட்டாரமே அணைந்து கிடக்கும். அப்போதும் ஒன்பது. எங்கள் மாடியில் இன்வெர்ட்டர் இரண்டே வீட்டில். என் வீட்டில் ரேடியோ, ஆன்டெனா தவிர எதுவும் ஓடவில்லை. மிச்சம் இருந்தது வேதமணி சார் வீடு.

வேதமணி சார் கேம்ப்பில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் இறுகிப்போய், இருபத்து நாலு மணி நேரமும் ஆக்ஸிஜன் மெஷினில் இருந்தார். மகள் ஃபேபியோலாவுக்கு ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் வேலை. காலை ஆறே காலுக்குக் கம்பெனி பஸ். வேலை செய்கிற மௌஷி வர மதியம் ஆகும். இடையில் பார்த்துக்கொள்ள என்னிடம் ஒரு சாவி கொடுத்திருந்தாள்.

"மெஷின் நின்னா பைப்பை இங்கேர்ந்து எடுத்து சிலிண்டர்ல மாட்டணும், அவ்ளோதான் அங்கிள். டாடி மணி அடிச்சா மட்டும் வாங்க." படுக்கை அருகில் அவருடைய பழைய பள்ளிக்கூடத்துப் பித்தளைக் கைமணி இருந்தது.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையாட்டினேன். அந்த அறையை நீங்கள் பார்த்ததில்லை. குழாயின் உட்புறம் பழுப்பாக வியர்த்திருக்கும். மூக்கில் செருகும் முனையில் காய்ந்த சளி. கட்டிலுக்கடியில் ஒரு டப்பா, அதில் அவர் காறித் துப்பியது நூலாகத் தொங்கும். அந்தக் கையாலேயே போஹா அவலை அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, "பாலு, கொஞ்சம் எடுத்துக்கங்க" என்பார். தட்டை நான் தொடமாட்டேன். நல்ல மனிதர்தான். நான் சொல்வது அந்தக் குழாயைப் பற்றி.

அந்த வியாழன், பத்து ஐம்பத்தெட்டுக்கு உள்ளே போனேன்.

"சார், ஒரு சின்ன டெஸ்ட். மெஷினை நிறுத்திப் பாக்கணும். பத்து நிமிஷம்."

"சிலிண்டர்..." என்றார்.

"பத்து நிமிஷத்துக்கு எதுக்கு சார் சிலிண்டர்?"

சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதில் மாட்ட அந்தக் குழாயைத் தொட வேண்டும்.

அவர் சிரித்தார். மூச்சு விட்டு விட்டு வந்தது. "கணக்கு வாத்தியார்கிட்ட... பேரமா? அஞ்சு."

"ஒன்பது."

"வியாபாரி புத்தி... ஏழு."

"எட்டு. கடைசி விலை சார்."

எட்டு விரலைக் காட்டினார். முடிந்தது. மெஷினை நிறுத்தினேன், சந்தேகத்துக்கு இன்வெர்ட்டரையும் அணைத்தேன். என் வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோனை மாட்டி மீட்டரைப் பார்த்தேன்.

ஒன்பது.

என் நிலையில் யாரானாலும் கொஞ்சம் தேடித்தான் பார்ப்பார்கள். வளையத்தைத் திருப்பினேன், கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டினேன், அலைவரிசையை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் கை அந்த ஓசி அடாப்டரில் பட்டது. சுட்டது. என் வீட்டு இன்வெர்ட்டரில், என் வீட்டுச் சுவரில், மூன்று வாரமாக இரைந்துகொண்டிருந்தது அதுதான். பிடுங்கி எறிந்துவிட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து நேராக இரண்டு கம்பி இழுத்துக் கொடுத்தேன். முள் ஒன்றுக்கு விழுந்தது. அந்த நிசப்தத்தில், துவைத்த வேட்டி போல, ஒரு பெண் குரல் வந்தது. மணி பதினொன்று பதினேழு.

அந்த நேரத்தில் வேதமணி சார் நினைவுக்கே வரவில்லை என்று எழுதினால் வழக்குக்கு நல்லது என்றீர்கள். வந்தார் சார். அவர் மெஷின்மேல் குற்றமில்லை என்பதும் அந்த நொடியே தெரிந்தது. ஆனால் எழுந்து போனால் தொடர் அறுந்துவிடும். அரை மணி நேர ஒலிபரப்பில் ஏற்கனவே ஏழு நிமிடம் போயிருந்தது.

என் பதிவேட்டில் பொய் கிடையாது. அப்படியே தருகிறேன். 11.17: பெண் குரல், கடல் நிலவரம். 11.21: கிட்டார், பலர் சேர்ந்து பாடும் பாட்டு. 11.24: மணி போன்ற ஓர் இடையூறு, உள்ளூர், மிதமானது. 11.27: இடையூறு நின்றது, ஒலி மிகத் தெளிவு. 11.37: குறிப்பு முடிந்தது.

பதினொன்று முப்பத்தொன்பதுக்குப் போய் இன்வெர்ட்டரையும் மெஷினையும் போட்டுவிட்டேன். மெஷின் நன்றாகவே ஓடியது. அவர் முகம் எப்படி இருந்தது என்று போலீஸ் கேட்டது. அருவருப்பானவற்றை நான் உற்றுப் பார்ப்பதில்லை. மணி தரையில் கிடந்தது, அதை எடுத்து மேஜையில் வைத்தேன். மௌஷி வந்து அலறியதும் முதலில் ஓடியது நான்தான். வியாதி முற்றிப் போய்விட்டார் என்று டாக்டர் எழுதினார். சவப்பெட்டிக்காரனிடம் பேசி இரண்டாயிரம் குறைத்துக் கொடுத்ததும் நான்தான்.

இரண்டு மாதம் கழித்து அட்டை வந்தது. தென்னை மரமும் ஒரு படகும். சொசைட்டி ஆபீஸில் தபாலை எடுத்து வந்தது ஃபேபியோலா. தேதி, நேரம் எல்லாம் போட்டு, அந்தத் தீவுக்காரர் நட்பாக ஒரு வரி கைப்பட எழுதியிருந்தார்: நடுவில் கேட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அது உங்கள் ஊர்க் கோவில் மணியா?

வாசலில் நின்று அதை இரண்டு முறை படித்தாள்.

"அங்கிள், டாடி போன இந்தத் தேதியில என்ன மணி அடிச்சுது?"

நான் கையை நீட்டினேன். அட்டையை அவள் கொடுக்கவில்லை. இப்போது அது போலீஸ் கவரில் இருக்கிறது. ஓரம் மடங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கொலை என்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். மெஷின் நின்றிருந்தது நாற்பத்தொரு நிமிடம். அதில் எட்டு, அவரே விரல் காட்டி ஒப்புக்கொண்டது. பதினொன்று, அடாப்டரைத் தேடியது, அது மெர்வின் பெயரில் போக வேண்டியது. இருபது, அந்த நிலையத்தின் விதி, நான் வைத்ததல்ல. மிச்சம் இரண்டு. ஹெட்ஃபோனைக் கழற்றி, செருப்பை மாட்டி, சாவியை எடுத்தது. அந்த இரண்டு நிமிடம் என் பாக்கி. அதில் நான் பேரம் பேசமாட்டேன்.