எக்சோசோமுக்குக் கொடுத்த ரத்தம்

நாலாம் வகுப்போடு நின்று, பம்மலில் தகர ஷெட்டில் தொழில் தொடங்கி, கூடுவாஞ்சேரியில் மூன்று மாடி கட்டினவன் நான். தாம்பரம் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு அப்பாவும் மகளும்.

“மூளை செல்லு குட்டிக் குட்டிப் பையா ரத்தத்துல அனுப்புதாம்ப்பா. எக்சோசோம்னு பேரு. அத வெச்சு மறதி நோய முன்னாடியே கண்டுபிடிக்கலாமான்னு ஆராய்ச்சி.”

“மருந்து?”

“அந்தப் பையிலயே வெச்சு அனுப்பிப் பாக்குறாங்க. இப்போதைக்கு எலிக்குத்தான்.”

“எலிக்கு இன்னாம்மா மறதி? நம்ம அரிசி மூட்டைய ஒருநாளும் மறந்ததில்லையே.”

“அந்த ஆராய்ச்சிக்கு ரத்தம் குடுக்குறியாப்பா?”

“குடுக்குறேன்.”

மகள் எட்டிக் கூப்பிட்டாள். “சிஸ்டர், சீக்கிரம்! ஒத்துக்கினதையே மறந்துடுவாரு. போன வாட்டி ஊசியப் பாத்துட்டு எழுந்து போயிட்டாரு.”

நான் ஒதுங்கி வழிவிட்டேன். நாளைக்கு மருந்து வந்து டாக்டர்கள் பேர் வாங்கும்போது, அன்று முறையை விட்டுக்கொடுத்தவன் நான் என்பதையும் எழுதியாக வேண்டும்.