செத்தவர் பெயர் ஒகாமோட்டோ

தொகாஷி: ...ஃபிரிட்ஜ், கட்டில், சோறு வைக்கிற குக்கர், எல்லாம் ரூம்லயே இருக்கு நிஷிவாகி அம்மா. பெட்டியோட வந்தாப் போதும். ஆனா ஓனரா நான் ஒண்ணு சொல்லியாகணும்...

நிஷிவாகி: ஆள் செத்த வீடு. விளம்பரத்துலயே போட்டிருந்தீங்களே தம்பி.

தொகாஷி: படிச்சுட்டுமா வந்தீங்க?

நிஷிவாகி: படிச்சதாலதான் வந்தேன். எழுபத்திமூணு வயசு, தனிக்கட்டை. இந்தக் கனாசவா ஊர் முழுக்க பதினோரு வீட்டு புரோக்கர். மரியாதையா குனிஞ்சு குனிஞ்சு வீடு இல்லைங்கறாங்க. நான் உள்ளயே செத்துட்டா அப்புறம் யாரும் குடிவர மாட்டாங்களாம். இங்கதான் ஒருத்தர் முந்திக்கிட்டாரே. இனிமே கெடறதுக்கு என்ன இருக்கு?

தொகாஷி: அது... சரிதான்.

நிஷிவாகி: யாரு அவரு?

தொகாஷி: ஒரு பெரியவர். தூக்கத்துலயே. நாலு நாள் கழிச்சுதான் தெரிஞ்சது.

நிஷிவாகி: பேரு?

தொகாஷி: பேரா?

நிஷிவாகி: ஊதுபத்தி ஏத்தினா பேர் சொல்லி ஏத்த வேண்டாமா?

தொகாஷி: வந்து... ஒகாமோட்டோ.

நிஷிவாகி: கீழ் வீட்டு தபால் பெட்டியில அந்தப் பேர்தானே இருக்கு? இப்பதான் பல் விளக்கிட்டு நின்னாரு.

தொகாஷி: அவரு வேற ஒகாமோட்டோ.

நிஷிவாகி: ஓஹோ... சரி, காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பேன்னு போன்ல கேட்டீங்களே, எதுக்கு?

தொகாஷி: சும்மா... எல்லாரும் கேக்கறதுதான்.

நிஷிவாகி: பதினோரு பேர்ல ஒருத்தரும் கேக்கல.

தொகாஷி: இல்லம்மா... இந்தத் தெருவுல ஒரு பழக்கம். தனியா இருக்கற வயசானவங்க எழுந்ததும் பால்கனியில மஞ்சக் கொடி கட்டணும். எட்டு மணிக்குள்ள கொடி வரலைன்னா பக்கத்து வீட்டுக்காரங்க போய்க் கதவைத் தட்டணும்.

நிஷிவாகி: நல்ல பழக்கம். பால்கனியைக் காட்டுங்க, துணி காயுமான்னு பாக்கறேன்.

தொகாஷி: கதவு கொஞ்சம் இறுகும்... ம்... வாங்க. வெயில் நல்லா...

நிஷிவாகி: என்ன, பாதியில நிறுத்திட்டீங்க?

தொகாஷி: பக்கத்து வீட்ல... கொடி இல்ல. மணி என்ன?

நிஷிவாகி: எட்டே முக்கால். மறந்திருப்பாங்க.

தொகாஷி: மறக்க மாட்டாங்க. நகருங்கம்மா... சாவி... சாவியை எங்க வெச்சேன்...

நிஷிவாகி: பக்கத்து வீட்டு சாவி உங்ககிட்ட எப்படி?

தொகாஷி: எங்கம்மாங்க! அது எங்கம்மா வீடு! இந்த ரூம்ல யாரும் சாகல, போதுமா? சின்னப் பசங்க குடிவந்தா மத்தியானம் வரைக்கும் தூங்கறானுங்க. கொடி இருக்கா இல்லையான்னு எவன் பாக்கறான்? செத்த வீடுன்னு போட்டா அவனுங்க வரமாட்டானுங்க. வேற வழியில்லாத வயசானவங்க வருவாங்க, விடியறதுக்குள்ள எழுந்து எட்டிப் பாப்பாங்க... நான் மாசத்துக்கு ஒரு தடவை வந்தாலே பெரிசு. தப்புதான். வழியை விடுங்க!

நிஷிவாகி: ஓடாதீங்க தம்பி, உங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க. தெரு முக்குல இருக்கற பொதுக் குளியல் கூடத்துல வெந்நீர்த் தொட்டியில உக்காந்திருக்காங்க. தினமும் எனக்கு முதுகு தேய்ச்சு விடறது அவங்கதான். இந்த ரூம் காலின்னு சொன்னதும் அவங்கதான். இன்னிக்குக் கொடி கட்டாதீங்கன்னு சொன்னது மட்டும் நான். 'என் பையன் கவனிக்கவே மாட்டான்'னு ஒரு பாட்டில் பால் பந்தயம் கட்டியிருக்காங்க. வாங்க, தோத்துட்டாங்கன்னு நீங்களே போய்ச் சொல்லுங்க. கொடி கட்டற இந்த மூணு வருஷமா அவங்க தோக்கறதுக்குத்தான் காத்திருக்காங்க.